சமூக ஊடகம் ஒன்றல்ல: உங்கள் பதிவு யாரிடம் போகிறது, உங்கள் திரைக்கு வருவதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சமூக ஊடகம் என்று சொன்னதும் ஒருவருக்கு ஃபேஸ்புக் ஞாபகம் வரும், இன்னொருவருக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். வயதான ஒருவரைக் கேட்டால் வாட்ஸ்அப்தான் என்பார், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் ஃபேஸ்புக்கில் எல்லாம் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கும். எல்லாரும் சொல்வது சரிதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "சமூக ஊடகம் பிள்ளைகளைக் கெடுக்கிறது", "சமூக ஊடகத்தில் வதந்தி பரவியது", "சமூக ஊடகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று பேசும்போது இவை அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பொய்ச் செய்தி நகர்கிற விதம் வேறு, டிக்டாக்கில் ஒரு வீடியோ கோடிப் பேரைப் போய்ச் சேர்கிற விதம் வேறு, ஒரே நோய் உள்ளவர்கள் முகம் தெரியாமலே ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் பேசிக்கொள்வது முற்றிலும் வேறு. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. அதனால் இதை ஆப் ஆப்பாகப் பிரிக்காமல், உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன? பத்திரிகைக்கு ஆசிரியர் குழு உண்டு, தொலைக்காட்சிக்கு நிலையம் உண்டு, எதை வெளியிடுவது என்று அங்கே வேலை பார்க்கும் சிலர் முடிவு செய்வார்கள், மற்ற எல்லாரும் படிப்பார்கள் அல்லது பார்ப்பார்கள். சமூக ஊடகத்தில் எழுதுவது, படம் போடுவது, வீடியோ எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பயனர்களே. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும், சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ. ஒருவர் போட்டதற்கு இன்னொருவர் அதே இடத்தில் பதில் சொல்லலாம், லைக் போடலாம், வேறு யாருக்காவது அனுப்பலாம். யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதைத் தளம் நினைவில் வைத்திருக்கும். இவ்வளவும் இருந்தால் அதைச் சமூக ஊடகம் என்று தாராளமாகச் சொல்லலாம். இந்தக் கணக்கில் யூடியூபும் சேரும், பலர் அதை டிவி மாதிரி மட்டுமே பார்த்தாலும். வாட்ஸ்அப்பும் சேரும். விக்கிப்பீடியா எல்லைக்கோட்டில் நிற்கிறது: 2001 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து அதை எழுதுவது பயனர்கள்தான், ஆனால் அங்கே வாசகர் யாரும் யாரையும் பின்தொடர்வதில்லை, எழுதியவர் பெயர் கட்டுரையின் தலைப்பில் வருவதும் இல்லை.

பொதுவானது இவ்வளவுதான். வேறுபாட்டைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இரண்டு கேள்விகள் போதும். நீங்கள் போடுவது யார் கண்ணில் படும்? உங்கள் கண்ணில் படுவதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை மாறும்போதெல்லாம் சமூக ஊடகம் ஒரு புது வடிவம் எடுத்திருக்கிறது. ஆப்பின் பெயரோ, எழுத்தா படமா வீடியோவா என்பதோ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இருப்பதிலேயே பழைய வடிவம், தலைப்பை நடுவில் வைத்து ஆட்கள் கூடுவது. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இருவர் ஒரு கணினியைத் தொலைபேசி இணைப்போடு சேர்த்து, மற்றவர்கள் தங்கள் கணினியிலிருந்து அழைத்துச் செய்தி எழுதிவைத்துப் போகும்படி ஒரு பலகையை அமைத்தார்கள். இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். அவர் வைத்த பிறகுதான் அடுத்தவர். 1980இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் தொடங்கிய யூஸ்நெட் இதைப் பல கணினிகளுக்கு விரித்தது. அறிவியலுக்கு ஒரு குழு, சமையலுக்கு ஒரு குழு, நிரல் எழுதுவதற்கு ஒரு குழு என்று தலைப்புவாரியாகப் பிரிந்திருந்தது. அங்கே நீங்கள் யார் என்பது பெரிய விஷயமில்லை, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதுதான். எதைப் படிப்பது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள், தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே போனீர்கள்.

இந்த வடிவம் இன்னும் சாகவில்லை. 2005இல் வந்த ரெட்டிட், 2015இல் வந்த டிஸ்கார்ட், ஃபேஸ்புக்கின் உள்ளேயே இருக்கும் குரூப்கள் எல்லாம் இதன் வாரிசுகள்தான். ரெட்டிட் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது: ஒவ்வொரு பதிவையும் மேலே ஏற்ற ஒரு ஓட்டு, கீழே இறக்க ஒரு ஓட்டு. எது முன்னால் வர வேண்டும் என்பதில் அங்கே கூடியிருப்பவர்களுக்குப் பெரிய பங்கு கிடைத்தது. ஒவ்வொரு குழுவுக்கும் சம்பளம் வாங்காத மட்டுறுத்துநர்கள் இருக்கிறார்கள், விதிகளை எழுதுவதும் மீறியவரை வெளியேற்றுவதும் அவர்கள்தான். சமூக ஊடகத்தைப் பற்றிக் கசப்பாகப் பேசுபவர்கள் பலரும் இந்த வடிவத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அபூர்வமான ஒரு நோய், பழைய கேமரா ஒன்றின் பழுது, ஒரு நிரலில் வரும் புரியாத பிழை என்று தேடுகிறவருக்கு உண்மையான உதவி கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய பதிலும் அங்கே அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வடிவம் ஆட்களை நடுவில் வைத்தது. 1997இல் வந்த சிக்ஸ்டிகிரீஸ் என்ற தளத்தில் உங்களுக்கு ஒரு ப்ரொஃபைல், உங்கள் நண்பர்களின் பட்டியல், அந்த நண்பர்கள் வழியாக அவர்களுடைய நண்பர்கள் என்று போகலாம். அந்தக் காலத்தில் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இணையத்திலேயே இல்லாததால் அது நிலைக்கவில்லை. பிறகு ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ், பிரேசிலிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்து 2014 செப்டம்பரில் மூடப்பட்ட ஆர்க்குட், 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபேஸ்புக். ஒரு ப்ரொஃபைல், ஒரு தொடர்புப் பட்டியல், அந்தப் பட்டியல்கள் வழியாக அடுத்தவரைப் போய்ப் பார்க்கும் வசதி, இந்த மூன்றும் உள்ளதே சமூக வலைத்தளம் என்று டானா பாய்டும் நிக்கோல் எலிசனும் 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. நட்பு என்றால் இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் போடுவது உங்கள் நண்பர்களுக்கு, நீங்கள் பார்ப்பது உங்கள் நண்பர்கள் போட்டது. கணக்கு நேராக இருந்தது.

இந்தக் கணக்கை மாற்றிய நாள் 2006 செப்டம்பரில் வந்தது. என்னைக் கேட்டால் சமூக ஊடக வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. அதற்கு முன்னால் ஃபேஸ்புக்கில் ஒருவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அவருடைய பக்கத்துக்குப் போக வேண்டும், அடுத்தவரைத் தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். நியூஸ் ஃபீட் என்ற புது முகப்பு வந்ததும் நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. யார் படம் மாற்றினார், யார் யாரோடு உறவை முறித்துக்கொண்டார், யார் எந்தக் குழுவில் சேர்ந்தார் என்பதெல்லாம் முகப்பிலேயே வரிசையாக வந்து விழுந்தது. பயனர்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்புக் குழுக்களில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அந்த எதிர்ப்பே அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் நியூஸ் ஃபீட்தான், ஏனென்றால் உங்கள் நண்பர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்த செய்தியை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அதுதானே. நிறுவனம் தனியுரிமைக்குச் சில கட்டுப்பாடுகளைச் சேர்த்தது, ஃபீடை எடுக்கவில்லை. ரகசியம் எதுவும் புதிதாக வெளியானதா என்றால் இல்லை, முன்பும் அந்தப் பக்கத்துக்குப் போனவர் பார்த்திருக்கலாம். ஆனால் தேடிப் போய்ப் பார்ப்பதும், தானாக வந்து விழுவதும் ஒன்றாகாது என்பதை மக்கள் உடனே உணர்ந்துவிட்டார்கள். இன்றைக்குப் பெரும்பாலான ஆப்களின் முகப்பு ஒரு ஃபீட்தான், வேறு மாதிரி இருக்க முடியும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

அப்புறம் மூன்றாவது வடிவம், பின்தொடர்வது. 2006 மார்ச்சில் தொடங்கிய ட்விட்டரில் யாருடைய சம்மதமும் இல்லாமல் யாரையும் பின்தொடரலாம். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 140 எழுத்து என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்றால், அது எஸ்எம்எஸ் வழியாக இயங்கும்படி கட்டப்பட்ட சேவை, ஒரு எஸ்எம்எஸ்ஸின் அளவு 160, அதில் 20 பயனர் பெயருக்குப் போக மிச்சம் 140. பிறகு 2017இல்தான் 280 ஆனது. இந்த ஒருபக்க உறவு சின்ன மாற்றம் போலத் தெரியும், விளைவு பெரியது. நண்பர் பட்டியலுக்கு ஒரு மனித அளவு உண்டு, ஒருவரால் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் சுமார் 150 பேர்தான் என்று மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் கணக்குப் போட்டார். பின்தொடர்பவர் எண்ணிக்கைக்கு அப்படி எந்த எல்லையும் கிடையாது. அதனால் ஒரு சிலருக்கு லட்சங்களில், கோடிகளில் ஆட்கள் சேர்ந்தார்கள், மிச்சப் பேருக்குச் சில டஜன்கள். பிரபலங்கள், செய்தியாளர்கள், அரசியல்வாதிகள் எல்லாரும் அங்கே போனதற்கும், ஊர்பேர் தெரியாத ஒருவர் ஒரே இரவில் பிரபலமானதற்கும் இதுதான் அடிப்படை. 2010இல் வந்த இன்ஸ்டாகிராமும் 2005இல் வந்த யூடியூபும் இதே ஒருபக்க உறவில்தான் வளர்ந்தன.

இந்த வடிவத்தில் கூட்டத்தைப் பெருக்கிய இரண்டு கருவிகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று ஹேஷ்டேக். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர் யோசனையாகச் சொன்னது, நிறுவனம் கண்டுபிடித்தது கிடையாது. தலைப்பை வைத்துக் கூடும் பழைய வழியை, ஆட்களை வைத்து இயங்கும் தளத்துக்குள் அது கொண்டுவந்தது. இன்னொன்று ரீட்வீட் பொத்தான். 2009க்கு முன்னால் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் நகலெடுத்து, முன்னால் ரீட்வீட் என்பதன் சுருக்கமாக ஆர்டி என்று சேர்த்து, கையால் ஒட்ட வேண்டும். அந்தச் சில நொடிகளில் கொஞ்சம் யோசிக்க நேரம் இருந்தது. பொத்தான் வந்ததும் அது போய்விட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல் 2019இல் ஒரு பேட்டியில் இதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். நீங்கள் ஐம்பது பேருக்காக எழுதிய ஒரு வரி, முன்பின் தெரியாத ஐந்து லட்சம் பேரிடம் போய், அவர்கள் வேறொரு பொருளில் படித்து, உங்களைத் திட்ட வரிசையில் நிற்பது என்ற புதுவகைத் துன்பம் இங்கே பிறந்தது. எழுதும்போது மனதில் இருந்த வாசகர் ஒருவர், வந்து சேர்ந்த வாசகர் வேறொருவர். முதல் கேள்விக்கு விடை உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான் இதன் பொருள்.

நான்காவது வடிவத்தில் இரண்டாவது கேள்வியும் கையை விட்டுப் போகிறது. யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதே பெரிதாகத் தேவைப்படாத தளங்கள் இவை. சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் 2016இல் டூயின் என்ற ஆப்பைத் தொடங்கியது, அதன் வெளிநாட்டு வடிவமாக டிக்டாக் 2017இல் வந்தது, 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி என்ற ஆப்பைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. டிக்டாக்கைத் திறந்ததும் வருவது உங்கள் நண்பர்களின் வீடியோக்கள் இல்லை, அல்காரிதம், அதாவது எதைக் காட்டுவது என்று கணக்குப் போடும் நிரல், உங்களுக்காகப் பொறுக்கியெடுத்தவை. ஒரு வீடியோவை முழுக்கப் பார்த்தீர்களா, பாதியில் தள்ளிவிட்டீர்களா, லைக் போட்டீர்களா, யாருக்காவது அனுப்பினீர்களா, இவற்றை வைத்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கிறது. நீளமான வீடியோவைக் கடைசிவரை பார்த்தால் அது வலுவான அடையாளம் என்றும், போட்டவருக்கு எத்தனை ஃபாலோயர்கள் என்பது நேரடியான காரணி இல்லை என்றும் நிறுவனமே 2020இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் புதிதாகக் கணக்கு தொடங்கியவரின் முதல் வீடியோகூட லட்சக்கணக்கானவர்களைப் போய்ச் சேர முடிகிறது, பத்து லட்சம் ஃபாலோயர் வைத்திருப்பவரின் வீடியோ சில ஆயிரத்தோடு நின்றும் போகிறது. திறமை உள்ளவருக்கு வாசல் திறந்திருக்கிறது என்பது இதன் நல்ல பக்கம், அதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டம் உங்களுடையது என்ற உறுதி யாருக்கும் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்வு எழுதியாக வேண்டும்.

இது டிக்டாக்கோடு பிறந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். யூடியூப் 2012இலேயே எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கியமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அங்கே பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாகத்தான் வருகிறது என்று அந்த நிறுவன அதிகாரி ஒருவர் 2018இல் சொன்னார். டிக்டாக் செய்தது அதைக் கைபேசிக்கு ஏற்றபடி, ஒரு விரல் தள்ளலுக்கு ஒரு வீடியோ என்று சுருக்கியதுதான். 2020இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் கொண்டுவந்தது, யூடியூப் ஷார்ட்ஸ் கொண்டுவந்தது, பிறகு ஃபேஸ்புக்கும் அதே வழிக்கு வந்தது. இதன் பலன் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2025இல் வெளிவந்த விவரப்படி, ஃபேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 சதவீதம், இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம். நண்பர்களை இணைக்க வந்த தளங்களில் நண்பர்கள் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். இன்னமும் ஃபேஸ்புக்கை "நண்பர்களோடு தொடர்பில் இருக்கும் இடம்" என்று சொல்பவர்கள் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஃபேஸ்புக்கைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சரி, நண்பர்கள் எங்கே போனார்கள்? ஐந்தாவது வடிவத்துக்கு, அரட்டைக் குழுக்களுக்கு. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப், 2011இல் வந்த வீசாட், லைன், 2013இல் வந்த டெலிகிராம். வீட்டு விசேஷப் படமோ, ஆஸ்பத்திரித் தகவலோ, மனசுக்குள் இருக்கும் கோபமோ, இன்றைக்குப் பெரும்பாலும் ஃபீடில் போடப்படுவதில்லை, குரூப்பில் போடப்படுகிறது. நம் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விடை தெளிவாக இருக்கிறது: நீங்கள் போடுவது குரூப்பில் இருப்பவர்களுக்கு, நீங்கள் பார்ப்பது அவர்கள் போட்ட வரிசையில். நடுவில் அல்காரிதம் கிடையாது. அப்படியென்றால் இங்கே வதந்தி பரவக் கூடாதே என்று கேட்கலாம். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு பொய்ச் செய்தி ஒரு குரூப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கியது என்று தெரியாது, எழுதியவர் பெயர் இல்லை, ஆனால் அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர், சித்தப்பாவோ பழைய வகுப்புத் தோழியோ. செய்தியை நீங்கள் நம்புவதில்லை, அனுப்பியவரை நம்புகிறீர்கள். நீங்கள் இன்னும் இரண்டு குரூப்புக்கு அனுப்புகிறீர்கள், அங்கே உங்களை நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குரூப்பும் மூடிய அறை, ஆனால் ஒவ்வொருவரும் பல அறைகளில் இருக்கிறார், அதனால் செய்தி அறை தாண்டிக்கொண்டே போகிறது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுவதும் முனைக்கு முனை மறையாக்கம் வந்துவிட்டதால் நடுவில் இருக்கும் நிறுவனமே அந்தச் செய்தியைப் படிக்க முடியாது. வெளியிலிருந்து யாரும் பார்த்து, இது பொய் என்று அதன் கீழே எழுதிவைக்கவும் முடியாது. அதனால் வாட்ஸ்அப் நிறுவனத்தார் செய்தியின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அதன் ஓட்டத்தில் கை வைத்தார்கள். 2018 ஜூலையில் ஃபார்வர்டு என்ற அடையாளம் வந்தது, அதே மாதம் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற எல்லை, 2019 ஜனவரியில் உலகம் முழுவதும். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்து இரட்டை அம்புக்குறி விழுந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள், அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று நிறுவனம் அறிவித்தது. ஒரு வரியைக்கூடத் தணிக்கை செய்யாமல், கையை நகர்த்துவதைக் கொஞ்சம் சிரமமாக்கியதற்கே இவ்வளவு பலன். ஃபேஸ்புக் அல்லது யூடியூப் வதந்திக்கான தீர்வை எடுத்து இங்கே வைத்தால் பொருந்தாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

டெலிகிராம் இதில் ஒரு கலப்பு. குரூப்பில் 2 லட்சம் பேர்வரை இருக்கலாம், சேனலில் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. அரட்டை ஆப் போலத் தோற்றம், ஆனால் லட்சம் பேருக்கு ஒருவர் பேசும் சேனல் என்பது ஒலிபரப்புதான். வாட்ஸ்அப்பிலும் இப்போது சேனல் வந்துவிட்டது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். லிங்க்ட்இன், 2003இல் தொடங்கியது, இரண்டாவது வடிவத்தை வேலை வட்டாரத்துக்குள் வைத்திருக்கிறது. பின்டரெஸ்ட் ஆட்களைவிடப் படங்களைச் சேகரிப்பது பற்றியது. ஸ்னாப்சாட் 2013இல் கொண்டுவந்த ஸ்டோரி, 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் பதிவு, 2016இல் இன்ஸ்டாகிராமிலும் பிறகு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. ஸ்டோரிக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு என்றால், போட்டது என்றென்றைக்கும் நிற்கும் என்ற பயம் அதில் குறைவு.

இப்போது அல்காரிதத்துக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்ன வடிவங்களில் பலவற்றை ஒன்றுபோல ஆக்கிக்கொண்டிருப்பது அதுதான். நீங்கள் ஒரு படத்தைப் போடுகிறீர்கள். உங்கள் நண்பர் ஒருவர் ஆப்பைத் திறக்கிறார். அந்த நொடியில் அவருக்குக் காட்டக்கூடியவை என்று நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பதிவுகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கணினி சில ஊகங்களைச் செய்கிறது: இவர் இதற்கு லைக் போட எவ்வளவு வாய்ப்பு, கமென்ட் எழுத எவ்வளவு, மற்றவருக்கு அனுப்ப எவ்வளவு, எத்தனை நொடி நின்று பார்ப்பார். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு மதிப்பெண் எடை உண்டு. பெருக்கி, கூட்டி, அதிக மதிப்பெண் எடுத்தது மேலே. உங்கள் படத்தை யாரும் தடுக்கவில்லை, நீக்கவில்லை, ஆனால் அது 300ஆவது இடத்தில் இருந்தால் போடாததற்குச் சமம்.

அந்த எடைகளை யார் வைக்கிறார்கள் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. 2017இல் ஃபேஸ்புக் கோபம், சிரிப்பு, அன்பு முதலிய எமோஜிகளுக்கு ஒரு சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்தது. முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்கள் வழியாகத்தான் இது வெளியே தெரிந்தது. கோபமூட்டும் பதிவுக்குக் கோப எமோஜி விழும், அதற்கு ஐந்து மடங்கு எடை, அது மேலும் பலரிடம் போகும், இன்னும் கோபம். யாரும் உட்கார்ந்து மக்களைக் கோபப்படுத்தலாம் என்று திட்டம் போடவில்லை, ஈடுபாட்டைக் கூட்டலாம் என்றுதான் நினைத்தார்கள். 2020இல் கோப எமோஜியின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். ஒரு எண்ணை மாற்றுவதில் கோடிக்கணக்கானவர்கள் பார்ப்பது மாறிவிடுகிறது, அந்த எண் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஈடுபாட்டுக்கு ஏன் இவ்வளவு பசி? வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. மெட்டாவின் 2023ஆம் ஆண்டு வருவாய் சுமார் 13,490 கோடி டாலர், அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரம். நீங்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்களோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம், நீங்கள் எதில் நின்றீர்கள் என்பது எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு குறிபார்த்துக் காட்டலாம். கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வரும் ஸ்க்ரோல், தானாக ஓடத் தொடங்கும் அடுத்த வீடியோ, சிவப்புப் புள்ளியோடு வரும் நோட்டிஃபிகேஷன் எல்லாம் இதன் பிள்ளைகள். விளம்பரத்தில் ஓடாத அரட்டைக் குழுவில் முடிவில்லா ஸ்க்ரோல் இல்லாததைக் கவனியுங்கள்: படிக்காத செய்திகள் தீர்ந்ததும் வேலை முடிந்தது, ஆப்பை மூடிவிடுவீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது எல்லா வடிவத்துக்கும் பொருந்தும். பேசுபவர்கள் குறைவு, பார்ப்பவர்கள்தான் அதிகம். இணையக் கூட்டங்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சம் 1 சதவீதம்தான் பெரும்பகுதியை எழுதுகிறது என்று ஜேகப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்தும் பெரியவர்களை ஆராய்ந்த பியூ ஆய்வு மையம், அதிகம் எழுதும் 10 சதவீதம் பேர்தான் 80 சதவீத ட்வீட்களை எழுதுகிறார்கள் என்று 2019இல் கண்டது. "சமூக ஊடகமே கொந்தளிக்கிறது" என்று செய்தி வரும்போது அந்தக் கொந்தளிப்பு எத்தனை பேருடையது என்று கேட்பதற்கு இது போதுமான காரணம். பேசாமல் இருக்கும் அந்தப் பெருங்கூட்டத்தின் கருத்து என்ன என்பதை டிரெண்டிங் பட்டியல் காட்டாது.

சட்டம் போடுபவர்களுக்கும் இந்த வகைப் பிரிப்பு தலைவலியாக இருக்கிறது. ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் இயற்றியது, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம். உடனே எழுந்த கேள்வி எது சமூக ஊடகம் என்பதுதான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்), ரெட்டிட் எல்லாம் பட்டியலில் வந்தன, வாட்ஸ்அப் வரவில்லை. யூடியூபை முதலில் விலக்கி வைப்பதாகச் சொன்னவர்கள் 2025 ஜூலையில் மனம் மாறி அதையும் சேர்த்தார்கள். ரெட்டிட்டையும் டிக்டாக்கையும் ஒரே கோட்டில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை, இரண்டும் ஒரு பிள்ளைக்குச் செய்வது வெவ்வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது, அது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. அவர்களுடைய டிஜிட்டல் சேவைச் சட்டம், ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்களைத் தாண்டிய தளங்கள் எல்லாம், பயனரின் நடத்தையை அலசாமல் இயங்கும் ஒரு பரிந்துரை முறையையாவது தேர்ந்தெடுக்கக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது இரண்டாவது கேள்வியின் விடையைப் பயனர் கையில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் தனி வழி கட்டியிருக்கிறார்கள். 2016இல் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய, ட்விட்டர் போன்ற மாஸ்டடான் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரை நடத்தலாம், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பிடிக்கவில்லை என்றால் ஃபாலோயர்களோடு வேறு சர்வருக்கு மாறலாம். பெரிய தளங்களோடு ஒப்பிட்டால் கூட்டம் குறைவுதான். ஆனால் ட்விட்டரை 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ஒருவர் வாங்கி, அடுத்த ஆண்டு பெயரையே எக்ஸ் என்று மாற்றியபோது, பல வருஷம் அங்கே சேர்த்த ஃபாலோயர்களைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடியாது என்பது பலருக்கு உறைத்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பல ஆப்களில் இந்தத் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது, கண்ணில் படாத இடத்தில். இன்ஸ்டாகிராமில் மேலே உள்ள ஆப்பின் பெயரைத் தொட்டால் நீங்கள் பின்தொடர்பவர்கள் போட்டதை மட்டும், கடைசியாகப் போட்டது முதலில் வரும்படி காட்டும் ஃபீட் 2022இல் வந்தது. எக்ஸில் நீங்கள் பின்தொடர்பவர்களுக்குத் தனி டேப் உண்டு. ஃபேஸ்புக்கில் மெனுவுக்குள் ஃபீட்ஸ் என்று இருக்கிறது, அங்கே நண்பர்கள் மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். யூடியூபில் சப்ஸ்கிரிப்ஷன் பக்கம். ஆப்பை மூடித் திறந்தால் மறுபடி பழைய ஃபீடுக்கே போய்விடுவது உண்டு, ஒவ்வொரு முறையும் போய் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரம் அப்படிப் பார்த்துவிட்டு வாருங்கள். சில நிமிடங்களிலேயே புதிய பதிவுகள் தீர்ந்துபோகும், அத்தனை நேரமும் ஃபீடை நிரப்பிக்கொண்டிருந்தது யார் என்பது அப்போது தெரியும்.